நவாப் குடிபெயர்ந்த ஊர்

முடிச்சூரில் அடையாறு என்று வாயெடுத்தாலே 2015 டிசம்பர் கதை ஆரம்பித்துவிடும். எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர், யார் மொட்டை மாடியில் எத்தனை ராத்திரி கிடந்தார்கள், படகு எந்தத் தெருமுனை வரை வந்தது என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆதனூர்ப் பக்கம் புறப்பட்டு, மண்ணிவாக்கம், வரதராஜபுரம் என்று எங்களை உரசிக்கொண்டு போகும் இந்த ஆற்றுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது முகத்துவாரத்தில், 1746இல் நடந்தது.

அந்த வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். பிடித்த ஊரை ஆற்காட்டு நவாபிடம் கொடுத்துவிடுவதாகப் புதுச்சேரி கவர்னர் டூப்ளே சொல்லியிருந்தார். கொடுக்கவில்லை. நவாப் அன்வருத்தீன் கான் தன் மகன் மாபூஸ் கானைச் சுமார் பத்தாயிரம் பேருடன் அனுப்பிவைத்தார். எதிரே புதுச்சேரியிலிருந்து வந்த படையில் வெள்ளைக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் சேர்ந்து ஆயிரம் பேர்கூடத் தேறமாட்டார்கள். பாரதீஸ் என்ற அதிகாரி அவர்களை அப்படியே ஆற்றில் இறக்கினார். தண்ணீரில் நடந்தே கரையேறி, வரிசை கலையாமல் சுட்டார்கள். நவாபின் படை சாந்தோம் தெருக்களுக்குள் புகுந்து சிதறி ஓடியது. பழக்கிய சின்னப் படை ஒன்று பெரிய குதிரைப்படையைத் துரத்திவிட முடியும் என்ற ரகசியம் அன்றைக்கு அடையாற்றங்கரையில் வெளியானது. டூப்ளே அதைக் கவனித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த ராபர்ட் கிளைவ் என்ற இளைஞரும் கவனித்தார். மற்றது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான்.

பள்ளியில் படிக்காதது, தோற்ற படை எந்த ஊரிலிருந்து வந்தது என்பது. இஸ்லாமிய மாநகரங்கள் என்றால் நமக்கு பாக்தாத் தெரியும், கொர்தோபா தெரியும். 1258இல் ஹுலாகு கான் பாக்தாதைச் சூறையாடிய கதையைச் சொல்லச் சொன்னால், புத்தகங்கள் ஆற்றில் மிதந்ததுவரை சொல்லிவிடுவோம். இந்தியாவுக்குள் வந்தால் டெல்லி, லக்னோ, ஹைதராபாத். தமிழ்நாட்டில் காயல்பட்டினமும் கீழக்கரையும் வெகு பழமையானவை. ஆனால் அவை கப்பல் வணிகத்தால் வளர்ந்த துறைமுகங்கள். தர்பார், நாணயச்சாலை, முன்ஷிகள், கவிஞர்கள், சூஃபிகள், பாளையம் இறங்கிய படைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடிய தலைநகரம் என்று நம்மிடம் இருந்தது ஆற்காடு. முடிச்சூரிலிருந்து மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பாலாற்றின் தென்கரை. வேலூருக்குப் போகிறவர்கள் டீ குடிக்க நிறுத்தும் ஊர் என்பதுதான் இன்றைக்கு அதன் அடையாளம்.

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டு, எட்டு வருஷம் இழுத்தடித்து, 1698இல் பிடித்தார். பிடித்த கோட்டையில் குடியிருக்க முடியவில்லை. நோய் நொடி அதிகம். அவருக்குப் பின் வந்த தாவூத் கான் காலத்தில் தலைமையிடம் ஆற்காட்டுக்கு மாறியது. 1710இல் பொறுப்பேற்ற சாதத்துல்லா கான்தான் அதை நகரமாக்கியவர். நவாயத் சமூகத்துக்காரர். 1732 வரை இருபத்திரண்டு வருஷம் ஆண்டார். ஆற்காட்டின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அந்த இருபத்திரண்டைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் தமிழ்க் கதைப்பாடல்களில் இந்த மனிதர் வில்லன். 1714இல் செஞ்சியில் தேசிங்கு ராஜன் விழுந்தது இவர் படையிடம்தான். ராஜாவின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்த ராணியின் நினைவாகப் பாலாற்றின் எதிர்க்கரையில் ராணிப்பேட்டையை உண்டாக்கியவரும் இவர்தான் என்பது வழக்கு. கொன்றவரே ஊர் எழுப்பி மரியாதை செய்கிற அந்தக் காலத்து நாகரிகம் எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் தேசிங்கு கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. நவாபை எதிர்த்துத் தேசிங்கோடு தோளுக்குத் தோள் நின்று செத்த உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம். கதை பாடியவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை, கேட்டவர்களுக்கும் இருந்திருக்காது.

காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். ஔரங்கசீப்பின் படைகள் வருகிற பீதியில் வரதராஜப் பெருமாளின் உற்சவ மூர்த்தியை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஆபத்து நீங்கியபின் அங்கிருந்த பாளையக்காரர் திருப்பித் தர மனசில்லாமல் இழுத்தடித்தார். ஆத்தான் ஜீயர் முறையிட, பெருமாளை 1710இல் காஞ்சிக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர் லாலா தோடர்மால். அவர் யார்? சாதத்துல்லா கானின் அதிகாரி. அதாவது முகலாயப் படைக்குப் பயந்து வெளியேறிய பெருமாள், முகலாயர் நியமித்த நவாபின் ஆளோடு வீடு திரும்பினார். கோயிலுக்குள் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. தோடர்மாலுக்கும் அவர் தாயாருக்கும் மனைவிக்கும் கைகூப்பிய சிலைகள் இருக்கின்றன. அத்திவரதர் வைபவத்தின்போது 2019இல் லட்சக்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்தக் கோயில்தான். இந்தச் சிலைகளை எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்?

ஆற்காட்டு தர்பாரின் எழுத்து வேலை பெரும்பாலும் இப்படிப்பட்ட இந்து முன்ஷிகள் கையில்தான் இருந்தது. சாதத்துல்லா கானின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதியவர் பெயர் ஜஸ்வந்த் ராய். ஊருக்குள் திப்பு மஸ்தான் அவுலியா என்ற சூஃபியின் தர்கா இருக்கிறது. பின்னாளில் மைசூரின் ஹைதர் அலி தன் மகனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். ஆற்காட்டு ரூபாய்க்கு இருந்த மதிப்பைச் சொல்ல ஒன்று போதும். அதே ரூபாயை அடித்துக்கொள்ள அனுமதி தாருங்கள் என்று நவாபிடம் கேட்டு 1736இல் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள்; சில வருஷத்தில் ஆங்கிலேயரும் அதே வழிக்கு வந்தார்கள். புதுச்சேரியிலும் சென்னையிலும் அச்சாகி வந்த வெள்ளிக்காசுக்குப் பெயர் ஆற்காட்டு ரூபாய்.

சாதத்துல்லா கானுக்குப் பிள்ளை இல்லை. அங்கேதான் வினை. அடுத்த இருபது வருஷத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தம்பி மகன் தோஸ்த் அலி 1740இல் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரிடம் செத்தார். அவர் மகன் சப்தர் அலியை 1742இல் வேலூரில் மைத்துனனே கொன்றான். அவருடைய சிறுபிள்ளையை 1744இல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் குத்திக் கொன்றார்கள். அதற்குப் பின் நிஜாம் அனுப்பிய அன்வருத்தீன் கான், நாம் அடையாற்றங்கரையில் பார்த்தவர், 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் யானை மேலேயே சுடப்பட்டு விழுந்தார். எதிரே இருந்தவர் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். கூட பிரெஞ்சுப் படை. அன்வருத்தீனின் இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். அவருக்குக் கூட ஆங்கிலேயர். இரண்டு மாப்பிள்ளைக்கும் தோழர்கள் கடல் தாண்டி வந்தவர்கள்.

1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததைப் பாடப்புத்தகம் விஸ்தாரமாகச் சொல்கிறது. சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தபோது, கவனத்தைத் திருப்ப இருநூறு வெள்ளைக்காரர்களையும் முந்நூறு சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு இடி மழையில் நடந்து போனார். கோட்டையில் இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஊர் மக்கள் ஒரு லட்சம் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அது எவ்வளவு பெரிய ஊர் என்பதற்கு அந்த வாக்கியம் சாட்சி. பிறகு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் கோட்டையை ஐம்பது நாள் சூழ்ந்து நின்றார். முகரம் பத்தாம் நாள், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை நோக்கி ஏவினார்கள். குண்டு பட்ட யானைகள் திரும்பி, ஏவியவர்களையே மிதித்துக்கொண்டு ஓடின.

அந்த முற்றுகையில் ஒரு சம்பவத்தை மெக்காலே உருகி எழுதியிருப்பார். அரிசி தீர்ந்துகொண்டு வந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இதை விசுவாசக் கதையாகச் சொல்லிவருகிறார்கள். நடந்ததோ இல்லையோ, நடந்திருந்தாலும் அந்தச் சிப்பாய்களில் ஒருவன் பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. கஞ்சி குடித்தவன் இந்த ஊர்க்காரன். பட்டம் வாங்கிக்கொண்டு பிரபுவானது கிளைவ். எனக்கு இது விசுவாசக் கதையாகப் படவில்லை. நூறு வருஷத்துக்கு நடக்கப்போவதன் சுருக்கமாகத்தான் படுகிறது.

1752இல் சந்தா சாகிப் பிடிபட்டுத் தலை வெட்டப்பட்டார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆற்காட்டைப் பிடித்தார். வந்தவாசிப் போர் முடிந்த கையோடு 1760இல் ஆங்கிலேயர் திரும்பப் பிடித்தார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தத்தில், பாலாற்றைக் கண்ணால் பார்த்திராதவர்கள் உட்கார்ந்து, கர்நாடகத்தின் சட்டபூர்வமான நவாப் முகமது அலிதான் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். டெல்லி பாதுஷாவும் தன் பங்குக்கு வாலாஜா என்று பட்டம் கொடுத்தார். வாலாஜாபாத்தும் வாலாஜாபேட்டையும் அந்தப் பட்டத்தின் பெயரில் இருப்பவை.

மேற்குத் தாம்பரத்தில் எனக்குப் பழக்கமான தையல்கடை பாய் ஒருவர் இருக்கிறார். வீட்டில் தக்கனி உருது. கடையில் எங்களைவிட நல்ல தமிழ். குடும்பத்துக்குப் பூர்வீகம் ஆற்காட்டுப் பக்கம். “என்ன பாய், உங்க நவாப் ஜெயிச்சாரே, அப்புறம் ஏன் ஊரை விட்டுட்டு மெட்ராசுக்கு வந்துட்டார்?” என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “கடன் வாங்கினவன் கடன்காரன் வீட்டு வாசல்லதானே சார் குடியிருக்கணும்.”

அவர் சொன்னது வரலாறு. முகமது அலிக்குச் சண்டை போட்டது கம்பெனிப் படை; சம்பளம் நவாப் கணக்கில். ரொக்கம் இல்லாதபோது கம்பெனி உத்தியோகஸ்தர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டி நூற்றுக்கு இருபதுக்கும் மேல். ஈடாக எழுதிக்கொடுத்தது கிராமங்களின் வரி வருமானம். ஆக, நவாப் கம்பெனிக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கம்பெனிக்காரர்களிடமே வாங்கி, வட்டியைத் தஞ்சாவூர் தொடங்கி நெல்லூர் வரை உழவர்கள் தலையில் கட்டினார். பால் பென்ஃபீல்டு என்ற கட்டட ஒப்பந்தக்காரர் இந்த வியாபாரத்தில் கொழுத்து, ஊருக்குப் போய் பார்லிமெண்ட் உறுப்பினரே ஆனார். இந்தக் கடன் சண்டையில் சென்னை கவர்னர் பிகட்டை அவருடைய கவுன்சில்காரர்களே 1776இல் கைது செய்து பரங்கிமலையில் வைத்தார்கள். அடுத்த வருஷம் காவலிலேயே செத்தார். எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் லண்டன் பார்லிமெண்டில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். பின்னாளில் கமிஷன் போட்டு அலசியபோது வந்து விழுந்த கடன் பத்திரங்கள் மூன்று கோடி பவுனுக்கு மேல். அதில் செல்லும் என்று ஒப்புக்கொண்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் வெறும் காகிதம்.

1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கோட்டைப் பீரங்கிகளின் கண்பார்வையில், கடன்காரர்கள் குதிரை வண்டியில் கால் மணியில் வந்துபோகிற தூரத்தில். அரண்மனையைக் கட்டியவர் அதே பென்ஃபீல்டு என்பார்கள். நவாப் வந்ததும் முன்ஷிகள் வந்தார்கள், ஹகீம்கள் வந்தார்கள், கவிஞர்கள் வந்தார்கள், சமையல்காரர்கள் வந்தார்கள். திருவல்லிக்கேணி இன்றைய திருவல்லிக்கேணி ஆனது அப்போதுதான்.

நாம் எங்கே வருகிறோம் என்று கேட்பீர்கள். 1763இல் முகமது அலி கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது செங்கல்பட்டு ஜாகிர். சென்னையைச் சுற்றிக் காஞ்சிபுரம், உத்திரமேரூர்வரை விரிந்த நிலம். மணிமங்கலம் அதில் ஒரு பர்கானா, அதாவது வருவாய்ப் பிரிவு. எங்கள் ஏரிகளும் களத்துமேடுகளும் நவாபின் நன்றிக்கடனில் கைமாறிய சொத்து. வாங்கியவர்கள் என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள தாமஸ் பர்னார்டு என்ற இன்ஜினியரை விட்டு 1767இலிருந்து ஊர் ஊராக அளந்தார்கள். எத்தனை வீடு, எத்தனை காணி, களத்து நெல்லில் தச்சனுக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு என்று கணக்கப்பிள்ளைகள் ஓலையில் எழுதித் தந்தார்கள். காந்தியரான தரம்பால் பிற்காலத்தில் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்து, பதினெட்டாம் நூற்றாண்டுக் கிராமம் எப்படி இயங்கியது என்று காட்டினார். நவாப் எழுதிக்கொடுத்ததால் கிடைத்த ஒரே நன்மை அந்த ஓலைக் கணக்குதான் என்பேன்.

ஆற்காட்டுக்கு மிஞ்சியிருந்ததை ஹைதர் அலி முடித்தார். 1780இல் மலை இறங்கி வந்தவர் செப்டம்பரில் காஞ்சிக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை நொறுக்கினார். காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பரங்கிமலைக்கு ஓடினார். தாம்பரம் வட்டாரத்தை மிதிக்காமல் அந்த ஓட்டம் முடிந்திருக்காது. நவம்பரில் ஆற்காடு ஹைதரிடம் விழுந்தது. இரண்டு வருஷம் கழித்து ஹைதர் பாளையத்திலேயே இறந்துபோக, மகன் திப்பு மேற்கே திரும்பும்போது கோட்டையைத் தகர்த்துவிட்டுப் போனார். எந்த ஊர் மஸ்தானின் பெயரைச் சுமந்தாரோ, அந்த ஊரின் கோட்டையை.

அந்த நேரத்தில் சேப்பாக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? முஷாயிரா, அதாவது கவியரங்கம். வேலூரில் பிறந்த பாகிர் ஆகா அரபியிலும் பாரசீகத்திலும் தக்கனியிலும் எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் லக்னோவின் பிரங்கி மஹாலிலிருந்து பஹ்ருல் உலூம் என்று பட்டம்பெற்ற அறிஞர் அப்துல் அலி வந்து சேர்ந்தார். 1810இல் இங்கேயே மறைந்தார். அவர் அடக்கமாகியிருப்பது திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில். 1795இல் கட்டிய அந்தப் பள்ளிவாசலின் கல்வெட்டுக் கவிதை, எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் கட்டிய ஹிஜ்ரி ஆண்டு வரும்படி அமைத்தது. இயற்றியவர் ராஜா மக்கன் லால். பள்ளிவாசலில் ஓர் இந்துக் கவிஞரின் பாரசீகம். ஆற்காட்டில் ஜஸ்வந்த் ராய் தொடங்கிவைத்த வழக்கம் சென்னையில் அறுபடாமல் வந்திருக்கிறது. முகமது அலியும் அதே 1795இல் இறந்தார். புதைத்தது ஆற்காட்டில் இல்லை, திருச்சியில்.

1801இல் கம்பெனி நாட்டை முழுதாக எடுத்துக்கொண்டு நவாபுக்குப் பென்ஷன் கொடுத்தது. கடைசி நவாப் குலாம் கவுஸ் கானுக்கு ஆள நாடில்லை. அவர் கர்நாடகத்துப் பாரசீகக் கவிஞர்களைப் பற்றித் தொகுத்து எழுதினார். 1855இல் வாரிசில்லாமல் இறந்தார். அரண்மனையை ஏலத்துக்குக் கொண்டுவந்து அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஆற்காடு போரில் அழிந்தது என்று எழுதுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். போரில் அழிந்த ஊர்கள் எழுந்திருக்கின்றன. டெல்லி எத்தனை முறை எழுந்தது! தலைவனே மூட்டை கட்டிக்கொண்டு கடன் கொடுத்தவன் வாசலுக்குப் போய்விட்ட ஊர் எழுந்திருக்காது. ஆற்காட்டுக்கு அதுதான் நடந்தது. வட ஆற்காடு, தென்னாற்காடு என்று இரண்டு பெரிய மாவட்டங்களாவது அதன் பெயரைத் தாங்கி நின்றன, அவையும் போயின. 2019இலிருந்து அது ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு நகராட்சி.

எனவே ஆற்காட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் திருவல்லிக்கேணிக்குப் போங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி மாறினால் சேப்பாக்கம். 2012இல் தீப்பிடித்த கலச மகாலைச் செப்பனிட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வாலாஜா பள்ளிவாசலுக்கு நடந்துவிடலாம். நோன்பு மாதமானால் மாலையில் மயிலாப்பூரைச் சேர்ந்த சூஃபிதார் அமைப்பின் இந்துக்கள் பள்ளிவாசல் முற்றத்தில் நோன்பு திறக்கப் பரிமாறுவதையும் பார்க்கலாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆற்காடு. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்ற ஒற்றை வாசல் மட்டும் மிச்சமிருக்கிறது; தொல்லியல் துறை பாதுகாப்பில். ஜும்மா பள்ளிவாசல் பக்கத்தில் சாதத்துல்லா கானின் கல்லறை. ஊருக்குள் திப்பு மஸ்தான் தர்கா. திரும்பும்போது கடைத்தெருவில் மக்கன் பேடா வாங்கிக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் இறங்கி, தோடர்மாலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.